தியாகராச விலாசம்

சென்னைத் திருவல்லிக்கேணியை அடுத்துள்ள திருவேட்டீசுவரன் பேட்டையில் பிள்ளையார் கோயில் தெரு என்று ஒரு தெரு உண்டு. டாக்டர் உ.வே. சாமிநாதையர் தம் வாழ்நாளின் பிற்பகுதியைக் கழித்த இல்லம் அத்தெருவில்தான் இருந்தது. அவர் பதிப்பித்த நூல்களின் முகவுரைகளைப் புரட்டிப் பார்க்கும் மாணவர்கள், முகவுரையின் முடிவில் தியாகராச விலாசம் என்னும் பெயரைக் கண்டிருப்பர். அது அவ்வில்லத்தின் பெயர். திருவாரூர்ப் பெருமானை நினைந்து சூட்டிய பெயர் அது என்று எண்ணுவோர் பலர். சைவ மடத்தில் தமிழ் பயின்றவர், இசையறிவு நிரம்பியவர், தஞ்சைத் தரணியில் பிறந்தவர் என்பனவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால் அவ்வாறு எண்ணுவதில் வியப்பில்லை. ஆயினும் அப்பெயர் தெய்வத்தின் பெயராக அங்கே வைக்கப்படவில்லை. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராய் இருந்து ஓய்வு பெற்ற ஒரு மனிதரின் பெயர் அது.

இதனை எமக்கு முதன்முதல் சொன்னவர் எம் தமிழ்த்துறையில் நெடுங்காலம் உடன் பணியாற்றிய நண்பர் ஒருவர். சென்ற ஆண்டு அவர் எம்மைப் பிரிந்தார். புதிதாகத் துறைக்கு வரும் ஆசிரியர் எவராயினும், முதல் நாளன்று அவரைத் தம் அருகில் அமர்த்தித் தேநீர் வரவழைத்துக் கொடுத்து, இந்த வீட்டுப் பெயரின் வரலாற்றைச் சொல்வது அவர் வழக்கம். இம்மலரில் அவரைப் பற்றியே எழுதலாம் என்று சிலர் கூறினர். தம் பெயரை மேடையில் சொன்னாலே தலைகுனிந்து கொள்பவர் அவர்; ஆகவே அது வேண்டாம் என விடுத்தோம். அவர் சொல்லி வந்த வரலாற்றையே விரித்து எழுதுவது அவர்க்கு உவப்பாக இருக்கும் என்று கருதி இதனை எழுதலானோம்.

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இலால்குடிக்கு அருகே பூவாளூர் என்னும் ஊர் உள்ளது. அவ்வூரில் 1826ஆம் ஆண்டில் தியாகராச செட்டியார் பிறந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடம் கேட்டு, அவர்தம் மாணாக்கருள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படும் புலமை எய்தினார். பிள்ளையவர்களின் மாணவர் கூட்டம் ஒரு விந்தையான கூட்டம் என்பதை ஈண்டு நினைவு கூர்தல் தகும். சைவ மடத்தைச் சார்ந்து வாழ்ந்த அப்பெருமகனாரிடம், நாகூர்க் குலாம் காதிறு நாவலர் தமிழ் கற்றார். கிறித்தவராகிய சவராயலு நாயகர் கற்றார். மாணவன் எவ்வூரினன், எச்சமயத்தினன் என்று பாராது அள்ளிக் கொடுத்த கை அது. நம் சமுதாயத்துப் பெரியோர்கள் நாவலரைப் போற்றும்போது அவர்தம் ஆசிரியரையும் உடன் நினைக்க வேண்டும். அந்த நாவலருக்கும் செட்டியார் ஒருசாலை மாணாக்கரே ஆவார்.

செட்டியார் 1865ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அக்காலத்துக் கல்லூரிகளில் தமிழாசிரியரின் நிலை என்ன என்பதை இக்கால மாணவர்கள் அறிந்துகொள்ளுதல் வேண்டும். ஆங்கிலம் கற்றவனுக்கே மதிப்பு. கணிதமும் தத்துவமும் நடத்துவோர் பேராசிரியர். தமிழ் நடத்துபவரோ முன்ஷி எனப்படுவார். ஊதியம் குறைவு, மரியாதை அதனினும் குறைவு. தமிழ் வகுப்பை இளைப்பாறும் வேளையாகக் கருதுவது மாணவர்களின் பொது இயல்பாக இருந்தது. அத்தகைய சூழலில், கோபால ராவ் போன்ற கல்விச் சான்றோர் நிறைந்திருந்த கல்லூரியில், தமிழாசிரியர் ஒருவர் தலைநிமிர்ந்து நடந்தார் என்றால் அவர் செட்டியாரே ஆவர்.

இலக்கணத்தில் அவருக்கிருந்த பிடிப்பு அளவு கடந்தது. பிழைபட்ட செய்யுளோடு எவரேனும் வந்துவிட்டால் முகத்துக்கு நேரே கடிந்து அனுப்பிவிடுவார். அரைகுறைப் படிப்போடு புலவர் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் அவர் வீட்டுப் பக்கம் வர அஞ்சினர். செல்வர், அதிகாரி என்று பார்த்து நாவை அடக்கும் பழக்கம் அவரிடம் இல்லை. இக்குணத்தைக் குற்றம் என்று சொல்வாரும் அன்று இருந்தனர். நாமும் முழுவதும் மறுக்க மாட்டோம். கடுஞ்சொல் சில வேளைகளில் நல்ல முளையையும் கருக்கிவிடும். ஆனால் அக்கடுமைக்கு உள்ளே என்ன இருந்தது என்பதைப் பின் நிகழ்ந்தவை காட்டின.

சாமிநாதையர் 1855 பிப்ரவரி 19ஆம் நாள் உத்தமதானபுரத்தில் பிறந்தவர். செட்டியாருக்கு இருபத்தொன்பது வயது இளையவர். பிள்ளையவர்களின் இறுதிக்கால மாணாக்கர். 1876 பிப்ரவரி முதல் நாள் பிள்ளையவர்கள் திருவாவடுதுறையில் மறைந்தபோது, இளைஞராகிய ஐயர் துணையற்றவர் போல் ஆனார். ஆதீனத் தலைவராகிய சுப்பிரமணிய தேசிகர் அவரைக் கைவிடவில்லை. தம்மிடமே பாடம் கேட்கச் செய்து, மடத்தில் பிறருக்குப் பாடம் சொல்லும் பணியையும் தந்து, குடியிருக்க வீடும் அமைத்துக் கொடுத்தார். உணவுக்குக் குறைவில்லை, தமிழுக்குக் குறைவில்லை. எஞ்சிய வாழ்நாள் முழுவதும் அம்மடத்தின் நிழலிலேயே கழிந்துவிடும் என்று ஐயர் எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை.

இந்நிலையில் 1880ஆம் ஆண்டின் தொடக்கத்தில் செட்டியார் திருவாவடுதுறைக்கு வந்தார். உடல்நலம் குன்றியமையால் கல்லூரிப் பணியினின்றும் ஓய்வு பெறுவதென அவர் முடிவு செய்திருந்தார். அவர் ஓய்வு பெறப் போகிறார் என்ற செய்தி பரவியவுடன் அவ்விடத்தைப் பெற முயன்றவர்கள் பலர். அரசாங்க வேலை, மாதம் தவறாத ஊதியம், முயலாமல் இருப்பார்களா? செட்டியாரின் மனமோ வேறொரு திசையில் சென்றது. தாம் விட்டுச் செல்லும் நாற்காலியில் யார் அமர வேண்டும் என்பதைத் தாமே தேர்ந்து, அவரைத் தாமே தேடி வந்து அழைத்தார்.

இவ்விடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். வேலை வேண்டும் என்று ஐயர் செட்டியாரின் வாயிலில் போய் நிற்கவில்லை. செட்டியாருக்கு அவர் உறவினரும் அல்லர், சாதியால் வேறுபட்டவர். செட்டியார் அவரிடம் கண்டது ஒன்றே. தம் ஆசிரியரிடம் ஒழுங்காகப் பாடம் கேட்டவர், கேட்டதை மறவாதவர் என்பதே அது. பிழையுள்ள ஒரு செய்யுளைப் பொறுக்காத மனிதர், ஒரு மனிதரைப் பற்றி முழு மனநிறைவோடு பேசினார் என்றால், அச்சொல்லுக்கு எத்தகைய மதிப்பு இருந்திருக்கும் என்பதை நாமே உய்த்துணரலாம். எவரையும் எளிதில் புகழாதவர் செய்யும் பரிந்துரையின் எடையே தனி. கடுமையாளர் என்று அவரை ஒதுக்கியவர்கள் இதனை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

தேசிகரைச் சம்மதிக்கச் செய்வது எளிதாக இல்லை. மடத்திற்கு ஒளி தந்து கொண்டிருந்த இளம்புலவரை அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. வெளியே சென்று கல்லூரியில் விளங்கினால் ஐயருக்கும் நன்மை, மடத்திற்கும் புகழ் என்பதைச் செட்டியார் எடுத்து விளக்கினார். தேசிகரும் தம் விருப்பத்தை அடக்கிக்கொண்டு இசைந்தார். ஒருவர் தாம் வைத்திருந்ததை விட்டுக்கொடுத்தார். மற்றொருவர் தாம் பெற்றிருந்ததை விட்டுக்கொடுத்தார். இவ்விரு கொடைகளின் இடையே நின்றவர் ஐயர்.

கும்பகோணத்தில் கல்லூரித் தலைவராகிய கோபால ராவையும் பிற ஆசிரியர்களையும் ஐயர் கண்டார். அவர்கள் அவரை ஆராயாமல் ஏற்றுக்கொண்டு விடவில்லை. கேள்விகள் கேட்டனர்; பொருள் கொடுத்து அப்போதே செய்யுள் இயற்றுமாறு பணித்தனர். ஐயர் இயற்றினார். அவர்களுக்கு மனநிறைவு உண்டாயிற்று. மாதம் ஐம்பது ரூபாய் ஊதியத்தில் 1880 பிப்ரவரியில் அவர் கல்லூரித் தமிழாசிரியரானார். இருபத்தைந்து வயது நிறைவதற்குச் சில நாள்களே இருந்த பருவம். எதிரே அமர்ந்திருந்த மாணவர் சிலருக்கும் அவருக்கும் வயது வேறுபாடு மிகுதியாக இருந்திராது.

முதல் நாள் வகுப்பைப் பற்றி ஐயர் தம் வரலாற்றில் எழுதியிருப்பதை ஆசிரியப் பணிக்கு வரும் இளைஞர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். செட்டியார் அவரை வகுப்பிற்கு அழைத்துச் சென்றார். தாம் பதினைந்து ஆண்டுகள் அமர்ந்திருந்த நாற்காலியில் அவரை அமரச் செய்தார். தாம் பக்கத்தில் இருந்துகொண்டார். மணியடித்தால் தொடங்கி மணியடித்தால் முடிக்கும் பாடமுறை ஐயருக்குப் புதிது. மடத்தில் பாடம் என்பது திண்ணையிலும் தோட்டத்திலும் வண்டிப் பயணத்திலும் நிகழ்வது. அங்கே கடிகாரத்துக்கு வேலையில்லை. ஆயினும் செய்யுளை இசையோடு படித்துப் பொருள் விளக்கிய அவர்தம் முறை மாணவர்களைக் கவர்ந்தது. செட்டியார் இருந்து கேட்டார். தம் தெரிவு தவறவில்லை என்று அவர் உள்ளம் குளிர்ந்திருக்கும்.

ஓய்வு பெற்றுச் செல்பவர் தமக்குப் பின் வருபவரைக் காணும் கண் எத்தகையது என்பதை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். நாம் இருந்த இடத்தில் வேறொருவர் இருந்து நம்மினும் நன்றாக நடத்திவிடுவாரோ என்னும் அச்சம் மனித இயல்பு. குறைகாணும் நோக்கோடு வாயிலில் நிற்பவர்களும் உண்டு. செட்டியாரோ தம் மாணவர்களை வேறொருவரிடம் ஒப்படைக்கும் தந்தையைப் போல் அங்கே இருந்தார். எம் துறை நண்பர் இந்தக் காட்சியைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழ்ந்து பேசுவார். தாம் ஓய்வு பெற்ற ஆண்டில், தம் இடத்திற்கு வந்த இளம் ஆசிரியரின் முதல் வகுப்பிற்கு அவரும் உடன் சென்று கடைசி வரிசையில் அமர்ந்திருந்ததை நாம் கண்டோம். செட்டியாரைப் பின்பற்றினாரா, இயல்பாகவே செய்தாரா என்று நாம் கேட்கவில்லை.

ஐயர் பணியேற்ற எட்டுத் திங்களில் நிகழ்ந்தது தமிழ் உலகம் நன்கறிந்த செய்தி. கும்பகோணத்திற்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை 1880 அக்டோபர் 21ஆம் நாள் ஐயர் சென்று கண்டார். என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் வினவ, அந்தாதிகள், கோவைகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் என நீண்ட பட்டியலை ஐயர் சொன்னார். முதலியார் அசையவில்லை. அவற்றிற்கும் முந்திய பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டுச் சீவக சிந்தாமணியின் பெயரைச் சொன்னார். அக்கேள்வியே ஐயரின் வாழ்க்கையைத் திருப்பியது. சிந்தாமணி சமண காவியம். அதன் பொருளை அறியக் கும்பகோணத்தில் வாழ்ந்த சமண அன்பர்களை நாடிச் சென்று, அவர்களிடம் ஐயந்திரிபறக் கேட்டுத் தெளிந்தார். ஏழாண்டு உழைப்பிற்குப் பின் 1887இல் சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையோடு வெளிவந்தது. பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் தொடர்ந்தன. இவையனைத்தும் கும்பகோணம் கல்லூரி ஆசிரியராக இருந்த காலத்திலேயே வெளிவந்தன என்பது கருதத்தக்கது.

பழந்தமிழ் நூற்பதிப்பு ஐயர் ஒருவராலேயே நிகழ்ந்தது என்று சொல்வது மிகை. யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம் பிள்ளை அதே 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். அதற்கு முன்பே தொல்காப்பிய உரைகளை அச்சேற்றியிருந்தார். அவர்தம் தொண்டைக் குறைத்துப் பேசும் பழக்கம் நம் மேடைகளில் இருக்கிறது; அது நீங்க வேண்டும். ஆனால் ஐயரின் பங்கு ஐயருடையதே. திறமையுள்ளவன் எங்கிருந்தாலும் மேலே வந்துவிடுவான், செட்டியார் இல்லாவிடினும் ஐயர் இதைச் செய்திருப்பார் என்று ஒரு கருத்தரங்கில் ஓர் அன்பர் வாதிட்டார். நமக்கு அதில் உடன்பாடில்லை. மடத்திலேயே இருந்திருந்தால் ஐயர் பெரும்புலவராய் விளங்கியிருப்பார். மடத்தின் மீது பல பிரபந்தங்கள் பாடியிருப்பார். முன்சீபு ஒருவர் அவரை நோக்கி அக்கேள்வியைக் கேட்கும் வாய்ப்பு எங்கிருந்து வந்திருக்கும்? சமணரை வீடு தேடிச் சென்று பாடம் கேட்கும் நிலை எவ்வாறு அமைந்திருக்கும்? மாதந்தோறும் வந்த ஐம்பது ரூபாயும், அது தந்த தனி வாழ்வும் இல்லாமல் ஏடு தேடி ஊர் ஊராய் அலைந்திருக்க முடியுமா? ஓர் இடம் வேண்டும். அவ்விடத்தை ஒருவர் கொடுத்தார்.

ஓய்வுக்குப் பின் எட்டாண்டுக் காலமே செட்டியார் வாழ்ந்தார். சிந்தாமணி வெளிவந்த மறு ஆண்டு, 1888 ஜனவரியில், அவர் மறைந்தார். சுப்பிரமணிய தேசிகர் மறைந்ததும் அதே மாதத்தில்தான். அனுப்பியவரும் அழைத்தவரும் சில நாள் இடைவெளியில் சென்றுவிட்டனர். ஐயருக்கு அப்போது முப்பத்து மூன்று வயதுகூட நிறையவில்லை. செட்டியார் தம் பெயர் சொல்லப் பெருநூல் எதையும் எழுதி நிறுத்தியவர் அல்லர். அவர் கற்பித்த மாணவர்கள் பல துறைகளில் சென்று சிதறிவிட்டனர். இத்தகைய ஆசிரியரை உலகம் ஒரு தலைமுறையில் மறந்துவிடுவது வழக்கம்.

ஐயர் 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பெற்றார். திருவேட்டீசுவரன் பேட்டையில் குடியேறினார். செட்டியார் மறைந்து பதினைந்து ஆண்டுகள் கடந்துவிட்டிருந்தன. இக்காலத்தில் அவர் பெயரைச் சொல்வதால் ஐயருக்கு ஆக வேண்டிய காரியம் ஒன்றுமில்லை. மகிழ்விக்க வேண்டிய மேலதிகாரியாகவும் செட்டியார் இல்லை. மகாமகோபாத்தியாயர் என்னும் பட்டம் 1906இல் ஐயரைத் தேடி வந்தது. நாடே அவரை அறிந்திருந்தது. அந்நிலையில் தாம் வாழும் வீட்டிற்கு அவர் தேர்ந்த பெயர்தான் தியாகராச விலாசம்.

ஏன் ஆசிரியரின் பெயரை வைக்கவில்லை என்று நம் மாணவர் ஒருவர் வகுப்பில் கேட்டார். நல்ல வினா. பிள்ளையவர்களிடம் ஐயருக்கிருந்த பக்தி ஈடு இணையற்றது. ஆசிரியரின் வரலாற்றை இரண்டு பாகங்களாக 1933இலும் 1934இலும் எழுதி வெளியிட்டார். தமிழில் எழுந்த வாழ்க்கை வரலாறுகளில் அதற்கு ஒப்பானவை சிலவே. ஆசிரியர் தந்தது கல்வி. அதற்குரிய நன்றியைக் கல்வியாலேயே, நூலாலேயே செலுத்தினார். செட்டியார் தந்ததோ வாழ்க்கை. உண்ணும் சோறும் உடுக்கும் துணியும் குடியிருக்கும் கூரையும் அவ்வேலையால் வந்தவை. கூரையால் பெற்ற நன்றிக்குக் கூரையின் மேலேயே பெயரை எழுதினார் என்று நாம் கொள்ளுகிறோம். அதனோடும் அமையாமல், செட்டியாரின் வரலாற்றையும் தனி நூலாக எழுதினார். ஆனந்த விகடனில் 1940 முதல் வெளிவந்த என் சரித்திரத்திலும், முதிர்ந்த வயதில், அந்த 1880ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளை நேற்று நடந்தவை போல் நுணுக்கமாக விரித்துரைத்தார். அறுபது ஆண்டுகள் கழிந்தும், செட்டியார் எங்கே இருந்தார், தாம் எங்கே அமர்ந்தார் என்பதெல்லாம் அவர் நெஞ்சில் அழியாதிருந்தன.

அவ்வில்லத்தில் இருந்துகொண்டே பதிற்றுப்பத்து, பரிபாடல், பெருங்கதை, குறுந்தொகை முதலிய நூல்களை அவர் பதிப்பித்தார். ஒவ்வொரு நூலும் வெளிவரும்போது முகவுரையின் கீழே அவ்வீட்டின் பெயரும் அச்சாயிற்று. கடிதம் எழுதியவர்கள் எல்லாரும் அறிந்தோ அறியாமலோ செட்டியாரின் பெயரை உறையின் மேல் எழுதினார்கள். போர்க்காலத்தில் சென்னை மக்கள் வெளியூர்களுக்குப் பெயர்ந்தபோது ஐயரும் திருக்கழுக்குன்றம் சென்றார். 1942 ஏப்ரல் 28ஆம் நாள் அங்கேயே காலமானார். அவர் தொகுத்த ஏடுகளும் நூல்களும் பிற்றை ஆண்டில் அவர் பெயரால் தோன்றிய நூல்நிலையத்தைச் சேர்ந்தன. சென்னைப் பெசன்ட் நகரில் உள்ள அந்நூல்நிலையத்தில் இன்றும் ஆய்வாளர்கள் அவற்றைக் காணலாம்.

வீடு நிலைக்கவில்லை. பிறர் கைக்கு மாறிய அவ்வில்லம் 2012இல் இடிக்கப்பட்டது. நினைவில்லமாக்கிக் காக்க வேண்டும் என்று தமிழன்பர்கள் எழுப்பிய குரல் பயன் தரவில்லை. அச்செய்தி நாளிதழில் வந்த நாள் எமக்கு நன்றாக நினைவிருக்கிறது. எம் நண்பர் துறை அறைக்கு வந்து, செய்தித்தாளை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு, நெடுநேரம் ஒன்றும் பேசாதிருந்தார். பின்னர் அலமாரியைத் திறந்து, அட்டை கிழிந்திருந்த பழைய குறுந்தொகைப் பதிப்பொன்றை எடுத்து, முகவுரையின் கடைசிப் பக்கத்தை விரித்து எமக்குக் காட்டினார். அப்பதிப்பு இப்போது அவர் இருந்த மேசையின் மேல் இருக்கிறது. இவ்வாண்டு துறைக்கு வந்து சேர்ந்த இளம் ஆசிரியருக்கு அந்த மேசையைத்தான் கொடுத்திருக்கிறோம்.